எறும்பு ஏறாத ரொட்டி வண்டி

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் மணி தொங்குகிற கொக்கி இரும்பு. சுண்டுவிரல் கனம் இருக்கும். நுனி உள்பக்கமாக நன்றாக வளைந்திருப்பதால், எவ்வளவு ஆட்டினாலும் மாட்டிய பொருள் கழன்று விழாது. கீழ்க்கட்டளையில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது, சுவரில் துளை போட வந்த எலக்ட்ரீஷியன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கறிக்கடைக் கொக்கி மாதிரி கீது. சாமி ரூமுக்கு நல்லதா பித்தளையில ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?" என்றார். "இதையே மாட்டுப்பா" என்றேன். என் மருமகளும் ஒருமுறை கேட்டாள். அவளிடமும் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தக் கொக்கி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அவள் அந்த அறைக்குள் காலை வைப்பாளோ மாட்டாளோ. தினமும் குளித்து, விளக்கேற்றி, மணியை அசைக்கும்போது அந்தக் கொக்கி 'கிறீச்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு என் மூத்த ஓரகத்தியின் நினைவு வந்துவிடும்.

போன மாதம் என் மகன் கைப்பேசியில் ஒரு வண்டியின் படத்தைக் காட்டினான். உள்ளேயே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் இருக்கிறதாம். வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஒரு வாரம் சுற்றிவிட்டு வரலாமாம். "வீடே சக்கரத்து மேல ஏறி நம்மகூட வருதும்மா" என்றான். எனக்கு வாயில் வந்த முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி இந்த வண்டி என்னவா ஓடிட்டிருந்தது?" என்பதுதான். அவன் சிரித்துவிட்டான். அது என் ஓரகத்தியின் கேள்வி. என் வாயில் அது வந்து உட்கார்ந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான் கல்யாணமாகி வந்த வீடு கிழக்குத் தாம்பரத்தில் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. மாமனாரும் மூத்தாரும் அப்போதும் கொஞ்சம் நெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கலாசி வேலை. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டதால் வீட்டின் சாவிக்கொத்து மூத்த ஓரகத்தியின் இடுப்பில் இருந்தது. நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னைச் சின்னவளே என்பாள். நிலத்தை மனை போட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், ஒரு தரகர் ஒரு மூலை இடத்தைக் காட்டி இன்னொரு இடத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அன்றிலிருந்து அக்கா யாரையும், எதையும் ஒரே தடவையில் நம்பியதில்லை. பாலைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொம்பை நீட்டுவாள். மண்ணெண்ணெயை முகர்ந்து பார்ப்பாள். பூக்காரி முழம் போடும்போது கண் அவள் முழங்கையை விட்டு அகலாது. "அக்கா, நான் உங்க வூட்டுக்கு எத்தினி வருசமா பூ குடுக்கறேன்" என்று பூக்காரி குறைப்பட்டால், "எத்தினி வருசமாவோ உன் கை மட்டும் வளரவே இல்லியே" என்பாள். பூக்காரியும் சிரித்துவிட்டு ஒரு கண்ணி சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

மாமா, அதாவது எங்கள் மாமனார், கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது எண்பதுகளின் கடைசியில். ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தார். படுக்க முடியும், கொஞ்சம் சாய முடியும், உட்கார மட்டும் முடியாது. உட்கார வைத்தால் முகம் வெளுத்து வேர்த்துவிடும். ஆள் நல்ல உயரம். கட்டிலில் படுத்தால் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருடைய குறையெல்லாம் ஒன்றே ஒன்று. எங்கள் குலதெய்வம் அங்காளம்மன். கோயில் செஞ்சிக்கு அந்தப் பக்கம். தை அமாவாசைக்கு அங்கே போய்த் தங்கிப் பொங்கல் வைக்காமல் அவர் வாழ்நாளில் ஒரு வருடமும் விட்டதில்லை. விழுந்த பிறகு இரண்டு அமாவாசை போய்விட்டது. மூன்றாவது வருவதற்குள் அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, "அவ மூஞ்சப் பாக்காத நான் எப்டி போறது?" என்பார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, என்னைப் பார்க்காமல் கையைக் கழுவுவாள்.

ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொல்லிவிட்டாள்: "இந்தத் தைக்கு உங்கள அவ எதுர்ல கொண்டாந்து படுக்க வெக்கிறேன் மாமா. சோத்தத் துன்னுங்க." சொன்ன பிறகுதான் எப்படி என்ற கவலை வந்தது. ரயிலில் முடியாது, பஸ்ஸில் முடியாது. அம்பாசிடர் காரின் பின்சீட்டில் அவர் உயரத்துக்குப் பாதிதான் படுக்கலாம். ஆம்புலன்ஸ் ஒன்றை ஏற்பாடு செய்யலாம் என்று மூத்தார் சொன்னதும் மாமா கோபப்பட்டார். "நோயாளி வண்டில ஊதிக்கினு போயி அவ வாசல்ல எறங்கறதா? நான் சாமி கும்புடப் போறேன், செத்துப் போவப் போவல" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து சிரித்த முகமாக வந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர் பழைய பெரிய வேன் ஒன்றைச் சீர் பண்ணி, உள்ளே ஆள் முழுசாகப் படுக்கப் பலகை, பக்கத்தில் பெஞ்சு, தண்ணீர் டிரம், ஸ்டவ் வைக்க மேடை எல்லாம் போட்டு, டூருக்கு வாடகைக்கு விடுகிறாராம். "நடுவுல ஆறடிக்கு மேல பலகை அண்ணி. அப்பாவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். வாடகையையும் சொன்னார். மூத்தார் முகம் மலர்ந்தது. அக்கா மட்டும் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எதுக்குத் தம்பி இவ்ளோ கம்மியா விடறான்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்வைக்குக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். புதுப் பெயின்ட் வாசனை தெருமுனைக்கே வந்தது. மேலே மஞ்சள், கீழே பச்சை, முன்கண்ணாடியில் முருகன் துணை. வேன்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. வணக்கம் சொல்லும்போதே தலையைக் குனிந்துகொண்டார். அது மரியாதையா, முகத்தைக் காட்டாமலிருக்கவா என்று எனக்கு அப்போதே ஒரு நெருடல். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினாள். நான் பின்னால் ஏறினேன்.

"முன்ன இந்த வண்டி இன்னாவா ஓடிக்கினு இருந்துச்சு?"

"ரொட்டி வண்டிக்கா. பேக்கரிக்கு ஓடிச்சு. பிரெட்டு, பன்னு" என்றார் வேன்காரர்.

அக்கா கீழே குனிந்தாள். பலகைக்கு அடியில், தரையில், நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டு பதித்திருந்தது. "இது?"

"தட்டு வெக்கறதுக்குக்கா. ரொட்டித் தட்ட அதுமேல வெச்சித் தள்ளி ஏத்துவாங்க."

"அம்மாம் நீளத்துக்குத் தட்டா?" என்று முனகிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்திலிருந்து கூரை வரைக்கும் அகலக் கண்ணாடி. "ரொட்டிய ஊரே பாக்கணும்னா இம்மாம் பெரிய கண்ணாடி வெச்சாங்க?" வேன்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர், "விளம்பரத்துக்கு இருக்கும் அண்ணி" என்றார். அவர் அவசரப்பட்டுப் பதில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அக்கா மூக்கை உறிஞ்சினாள். பெயின்டுக்கும் கீழே வேறு ஒரு வாசனை இருந்தது. எனக்கும் வந்தது. பன்னீரும் ஊதுபத்தியும். "கேக்குக்குப் பன்னீர் போடுவாங்கக்கா" என்றார் வேன்காரர், கேட்பதற்கு முன்பே. பெஞ்சின் மூலையில் விரலை விட்டு அக்கா எதையோ சுரண்டி எடுத்தாள். நாலைந்து பொரி, காய்ந்து சுருண்ட ரெண்டு சாமந்தி இதழ். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"ஆயுத பூஜைக்குப் போட்டதுக்கா."

இதுதான் எங்களைப் படுத்தி எடுத்தது. பொரி ஆயுத பூஜைக்கும் போடுவோம், அந்தக் காரியத்துக்கும் வழியெல்லாம் இறைப்போம். சாமந்தி சாமிக்கும் உண்டு, சவத்துக்கும் உண்டு. பன்னீர் கல்யாண வாசலிலும் தெளிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. அக்கா கடைசியாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஏறுகிற கதவுக்குப் பக்கத்தில், ஒரு இரும்புக் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, வேன்காரரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"ரொட்டி வண்டின்றீங்க. வருசக்கணக்கா ஓடிச்சுன்றீங்க. சந்து பொந்து எல்லாம் வெரல வுட்டுப் பாத்துட்டேன். ஒரு எறும்பு இல்லியே அண்ணே."

வேன்காரர் "மருந்து அடிச்சோம்" என்றோ என்னவோ சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னால் சாமான் ஏற்ற மறுபடி கொண்டுவந்து நிறுத்துவதாகப் பேச்சு. வண்டி தெருமுனை திரும்பியதும் அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "சின்னவளே, அது பொண வண்டி" என்றாள். "மேல கொக்கி பாத்தியா? சேகண்டி மாட்றது. முன்னால ஒருத்தன் நின்னுக்கினு அடிச்சிக்கினே போவான். நடுப்பலகைல யார் போவான்னு நான் சொல்லணுமா?" சேகண்டி கோயிலிலும் அடிப்பதுதானே என்று நான் இழுத்தேன். "கோயிலுக்குச் சக்கரம் வெச்சி ஓட்றானா எவனாவது?" என்றாள்.

அவளுடைய இக்கட்டு எனக்குப் புரிந்தது. உடம்பு நைந்து கிடக்கிற பெரியவரை, பிணம் போன பலகையில் கிடத்தி, குலதெய்வத்திடம் கொண்டுபோவதா? வழியில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ஆயுசுக்கும் மனசு ஆறுமா? வேண்டாம் என்று வண்டியைத் திருப்பி அனுப்பினால் வேறு வண்டி கிடையாது. வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த வாக்கை நம்பித்தான் மாமா மறுபடி சாப்பிட ஆரம்பித்திருந்தார். "யார்கிட்டயும் சொல்லாதே. மொதல்ல மெய்தானான்னு பாக்கணும்" என்றாள் அக்கா. பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "உன் வூட்டுக்காருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றாள். "அவருக்கு எப்படிக்கா தெரியும்" என்றேன். அன்று அவருக்குச் சோறு போடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர், என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் ஒருபக்கம் கல்யாணக் களை, இன்னொரு பக்கம் திருட்டுப் பார்வை. மிளகாய்ப் பொடி இடித்தோம். புளிக்காய்ச்சல் கிண்டினோம். மாவிளக்குக்குப் பச்சரிசி ஊறவைத்துக் காயவைத்தோம். பித்தளைப் பொங்கல் பானையை நான் புளி போட்டுத் துலக்கினேன். வண்டிக் கண்ணாடிகளுக்குத் திரை வேண்டும் என்று அக்கா தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்துக் கையாலேயே தைத்தாள். தைத்துக்கொண்டே வாசலில் போகிற வருகிறவர்களிடம் ஒரு பேச்சாக, "ராஜகீழ்ப்பாக்கத்துல வேன் வெச்சிருக்காரே, திருநீறு பூசிக்கினு, அவரு எப்டி?" என்று விசாரிப்பாள். ஒருவருக்கும் தெரியவில்லை. மாமா மட்டும் சந்தோஷமாக இருந்தார். சலூன்காரரை வரவழைத்து முகம் மழித்துக்கொண்டார். "வண்டி எப்டிம்மா கீது, பெருசா?" என்று என்னைக் கேட்டார். "பெருசுதான் மாமா" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

ஒருநாள் மத்தியானம் அக்கா யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள். சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனதே எனக்குச் சந்தேகம். அவள் அதை யாரிடமும் கொடுப்பவள் இல்லை. காபி வேளைக்குத் திரும்பி வந்தபோது அவள் தலை முழுகியிருந்தாள். ஈரக்கூந்தலை நுனியில் முடிந்து, சேலையும் இடுப்பிலிருந்து ஈரம். காலையில்தான் குளித்தவள். அன்று வெள்ளியும் இல்லை, செவ்வாயும் இல்லை. "எங்கக்கா போனீங்க?" "சும்மா, சேலையூர் வரைக்கும்." "தலை ஏன் ஈரம்?" "ரோட்ல தூசி" என்றாள். தூசிக்குப் போன இடத்திலேயே யாராவது தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவார்களா? எங்கள் வழக்கத்தில் வெளியே போன இடத்தில் தலை முழுகி, ஈரத்தோடு வீடு வருவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அவள் உள்ளே போய் விளக்கேற்றினாள்.

அதைவிட என்னைக் கலக்கியது, அன்றிலிருந்து அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டதுதான். பால்காரர் ஊற்றியதை அப்படியே வாங்கிக்கொண்டாள். வண்டியைப் பற்றி என் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னால், "சரி தம்பி, நல்லதுதான்" என்றாள். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அக்கா சந்தேகப்படும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுவோம். இப்போது எனக்கு அவள்மேலேயே சந்தேகம். மாமாவை அழைத்துப் போக வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாளா? கடைசி நிமிஷத்தில் ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தப்போகிறாளா? இல்லை, ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு வந்துவிட்டாளா? அப்படியானால் ஈரத்தலை எதற்கு? அங்காளம்மா, எதுவானாலும் நீதான் காட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன்.

சொன்னபடி வண்டி வந்து வேப்பமரத்தடியில் நின்றது. வேன்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, அக்கா முகத்தை ஒருதரம் நேராகப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். போன தடவை குனிந்த தலை இந்தத் தடவை குனியவில்லை. அக்கா முழங்காலுக்கு மேல் சேலையைச் செருகிக்கொண்டு வண்டியைக் கழுவ ஆரம்பித்தாள். முதலில் வெறும் தண்ணீர், பிறகு கோமியம், பிறகு மஞ்சள் தண்ணீர். பலகையை வேப்பிலைக் கொத்தால் தேய்த்தாள். சாம்பிராணி போட்டதில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது. எதிர்வீட்டு வாத்தியாரம்மா ஜன்னலிலிருந்து, "ஏங்க, புது வண்டிக்கு இவ்வளவு கழுவலா?" என்றார். "ரொட்டி வாசன போவணும் டீச்சர். மாமாவுக்கு ஒத்துக்காது" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

மறுநாள் உச்சி வேளையில் மாமாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பொங்கல் பானையை வண்டியில் வைக்கலாம் என்று போனேன். பின்கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். நடுப்பலகையில் அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். கால்கள் நேராகச் சேர்ந்திருந்தன. கைகள் இரண்டும் பக்கத்தில். கண் மூடியிருந்தது. நெற்றியில் பெரிதாகக் குங்குமம். பானை என் கையிலிருந்து நழுவிப் பெஞ்சில் மோதி உருண்டது. நான் கத்தியிருப்பேன்.

"கதவ மூடு சின்னவளே" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

மூடினேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் நெனச்சது செரிதான். அதுக்குத்தான் ஓடிச்சு. அவுங்க வூட்டுக்கே போய்க் கேட்டேன். அவரு சம்சாரம் மறைக்கல, பாவம். புள்ளைக்குப் பொண்ணு பாக்கறாங்களாம். போற எடமெல்லாம் பொண வண்டிக்காரன் வூடான்னு எழுந்து போயிடறாங்களாம். அதான் பெயின்ட் அடிச்சி டூருக்கு வுட்டுக்கீறாங்க. நம்மளுதுதான் மொத சவாரி. வேணான்னா போயிடுங்க, கோச்சிக்க மாட்டோம்னு அழுவுது அந்தம்மா. அங்கியே பைப்படில தலைக்கு ஊத்திக்கினு வந்துட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா?" என்றேன். "வேண்டாம்னு சொல்லிடலாமே."

"சொல்லிட்டு? மாமாவ எதுல இட்டுக்கினு போறது, உன் தலைலயா?" கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். "நம்ம அம்மாவே சுடுகாட்டுச் சாம்பல்ல நின்னு ஆட்றவ. அவ பாக்காத பொணமா? அவளுக்கு அருவெறுப்பு இல்ல. நமக்குத்தான் பயம். ரெண்டு ராத்திரி தூங்காத யோசிச்சேன். இதுவரிக்கும் இதுல படுத்தவங்க ஒருத்தரும் எழுந்திருக்கல. அதான இதுல கீற தோஷம்? நான் படுத்து எழுந்துட்டா இது எழுந்தவங்க படுத்த வண்டி. எதாவது வர்றதா இருந்தா என்னோட போவட்டும்."

அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கடைக்குட்டி அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தது. அதை நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். வெளியே வேப்பம் இலை கூரையில் உரசிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கையைப் பலகையில் ஊன்றி, "அம்மா தாயே" என்று சொல்லி, எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலை உதறி முடிந்துகொண்டாள். "பானை நசுங்கிச்சா பாரு" என்றாள்.

விடிந்ததும் கிளம்பினோம். ஓட்டுவதற்கு என் வீட்டுக்காரர் ஒரு டிரைவரை அமர்த்தியிருந்தார். நாலு பேர் சேர்ந்து மாமாவைப் பாயோடு தூக்கி அந்தப் பலகையில் கிடத்தினார்கள். பாதம் வெளியே நீட்டாமல் முழுசாகப் படுத்தது விழுந்த பிறகு அன்றுதான். காணிக்கைக் காசை மஞ்சள் துணியில் முடிந்து, அக்கா அந்தக் கொக்கியில் மாட்டினாள். திண்டிவனம் போகிற வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த முடிப்பு ஆடும், கொக்கி கிறீச்சிடும். மாமா மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் திரையை விலக்கச் சொன்னார். "மூடிக்கினு போவணும்னா எதுக்கு இம்மாம் பெரிய கண்ணாடி?" என்றார். அக்கா சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் இல்லாத எதையோ தேடினேன்.

கோயிலில் பாயோடு தூக்கிக்கொண்டுபோய் அம்மன் சன்னதிக்கு நேராகக் கிடத்தினோம். மாமா கும்பிட்ட கையை இறக்கவில்லை. பூசாரி சாம்பலை அவர் நெற்றியில் பூசியபோது கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. "வந்துட்டேன், பாத்துக்கோ" என்றார், எதிரே ஒரு மனுஷியிடம் சொல்வது போல. அக்கா தூணில் சாய்ந்துகொண்டு, மூச்சு ஏறி இறங்குகிற அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே தூங்கி, அமாவாசை கழித்துத் தாம்பரம் திரும்பும்வரை அவள் கண் அந்த மார்பை விட்டு அகலவில்லை. பூக்காரியின் முழங்கையைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

வீட்டு வாசலில் மாமாவை இறக்கிக் கட்டிலில் விட்டதும், அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சவுரியமான வண்டிம்மா" என்றார். "எனக்கு முன்னால இதுல போனவங்க யாரும் வாயத் தொறந்து சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன்."

அக்காவின் முகம் வெளுத்தது. "மாமா, உங்களுக்கு..."

"படுத்ததும் மேல கொக்கி. சேகண்டிக் கொக்கி எனக்குத் தெரியாதா? எத்தினி பேர அனுப்சிக்கீறேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வண்டியத் திருப்பி அனுப்சிடுவ" என்றார் மாமா. அக்கா அந்தக் கட்டில் காலடியிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது சிரிப்பில். மாமாவும் சிரித்தார், இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே.

வேன்காரர் வண்டியை எடுக்க வந்தபோது அக்கா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தக் கொக்கியக் கழட்டிக் குடுங்கண்ணே." எதற்கு என்றார். "அடுத்த வூட்லயும் என்ன மாதிரி ஒருத்தி இருப்பா" என்றாள். அவர் ஸ்பேனர் எடுத்துவந்து கழற்றிக் கொடுத்தார். அக்கா அதை மஞ்சள் தண்ணீரில் கொதிக்கவைத்து, "சாமி காசு தொங்கியாச்சு, இனிமே இது சாமி கொக்கி" என்று பூஜை அறையில் மணிக்கு மாட்டினாள். அந்தப் பங்குனியில் வேன்காரர் பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாமா அதற்குப் பிறகும் சில தை அமாவாசைகளுக்கு அதே வண்டியில் போய்வந்தார். கடைசியில் அவர் கட்டிலிலேயே, தூக்கத்தில் போனார். அன்று எந்த வண்டியும் கூப்பிடவில்லை. தோளில்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரிடம், உங்களுக்கு முதலிலேயே தெரியுமா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "சத்தியமா தெரியாது" என்பார், ரசத்தைப் பார்த்துக்கொண்டே. நான் இன்றுவரை நம்பவில்லை.

அக்காவும் போய்விட்டாள். ஏரிக்கரை வீட்டைப் பாகம் பிரித்தபோது பாத்திரம், பீரோ என்று அவரவர் கேட்டார்கள். நான் இந்தக் கொக்கியைக் கேட்டேன்.

நேற்றுக் காலை மகன் சொன்ன வண்டி கீழே வந்து நின்றது. வெள்ளைவெளேர் என்று, கல்யாண மண்டபம் மாதிரி. பேரப்பிள்ளைகள் பைகளோடு ஓடினார்கள். நான் முன்னால் போய் ஏறினேன். மூலைகளில் விரலை விட்டுப் பார்த்தேன். கூரையை அண்ணாந்து பார்த்தேன். வழவழவென்று இருந்தது, ஒரு கொக்கி இல்லை. "என்னம்மா தேடறீங்க?" என்றான் மகன். பதில் சொல்லாமல் கட்டிலில் மல்லாந்து, காலை நேராக நீட்டி, கையைப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "அம்மாவுக்கு அசதி போல" என்று மருமகள் கிசுகிசுத்தாள். அங்காளம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தேன். "பிள்ளைங்கள ஏத்து" என்றேன்.

பிறகு ஒன்றை மறந்துவிட்டேன் என்று சொல்லி மேலே வந்து, பூஜை அறையில் விளக்கைத் தணித்து, கிளம்புகிறோம் என்று மணியை ஒருதரம் அசைத்தேன். மணிச்சத்தம் அடங்கிய பிறகும் கொக்கி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, கிறீச், கிறீச் என்று, திண்டிவனம் ரோட்டில் போகிற மாதிரி.